பாண்டுரங்கன் கொன்ற சிப்பாய்

விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த பாண்டுரங்கன் அதுவரை ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை. ஆனால் அறுபத்து மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில், ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் பதினோராவது அத்தியாயத்தில், ஒரு சிப்பாயைப் பனிமலை உச்சியில் நிறுத்தி, இரண்டு பக்கம் வீர வசனம் பேசவிட்டு, அழகாகக் கொன்றார். படித்தவர்கள் எல்லாம் அழுகிறார்கள் என்று ஆசிரியர் கடிதம் போட்டிருந்தார். பாண்டுரங்கனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சண்டை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பனியையும் பார்த்ததில்லை. ஐஸ் போட்டு வரும் மீன் கூடைகளை ஆபீசில் தினமும் தொட்டிருக்கிறார். அந்த அனுபவத்தை வைத்தே இமயமலையைச் சமாளித்தார். மிச்சத்துக்குச் செய்தித்தாள் இருந்தது. சீனாக்காரனோடு நடந்த சண்டை ஓய்ந்து மூன்று மாதமாகியும் ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்ததால் கதை நன்றாக ஓடியது. பத்திரிகைக்காரர்கள் வேறு, தங்கள் பங்குக்குத் தலைப்புக்குக் கீழே ‘போர்முனை உண்மைகள்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். முதல் வாரம் அதைப் பார்த்துத் திகைத்த பாண்டுரங்கன், அடுத்த வாரத்திலிருந்து திகைப்பதை நிறுத்திக்கொண்டார்.

கடைசி அத்தியாயம் வெளிவந்த நாலாம் நாள், ஒரு பெண் பார்சல் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கையில் அந்தப் பத்திரிகை இருந்தது.

“கத எழுதற விழுப்புரம் பாண்டுரங்கன்னா நீங்க தானுங்களா?”

கையெழுத்து வாங்க வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“அவரு எப்பிடிங்க செத்தாரு?” என்றாள் அவள். “நீங்க பாத்தீங்களா, இல்ல யாருனா வந்து சொன்னாங்களா?”

பெயர் அம்சவள்ளி. திண்டிவனத்தில் வேர்க்கடலை மில்லில் மல்லாட்டை உடைக்கும் வேலை. புருஷன் பச்சைமுத்து பட்டாளத்தில் இருந்தான். ஐப்பசிக்குப் பிறகு கடிதம் இல்லை. பட்டாளத்துக்கு எழுதிப்போட்டும் பதில் வரவில்லை. மில் மேஸ்திரி ராயப்பன் மத்தியானச் சோற்று நேரத்தில் பெண்களுக்கு இந்தத் தொடர்கதையைப் படித்துக் காட்டுவாராம். கதையில் வரும் சிப்பாய் திண்டிவனத்துக்காரன். வலது புருவத்தை இரண்டாக வெட்டின மாதிரி ஒரு தழும்பு. விழுப்புரம் ஸ்டேஷனில் மல்லாட்டை வாங்கி, பெட்டி முழுக்க எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்கிறவன்.

“அது எங்க வூட்டுக்காரரு தானுங்க. லீவு முடிஞ்சி பெங்களூரு போவ, இங்க தான் காட்பாடி வண்டி மாறுனாரு. நானும் கூட வந்து ஏத்தி உட்டேன். கவர்மென்ட்டு தந்தி பின்னாடி மெதுவா வரும், எழுதனவரு நேர்ல பாத்துட்டு தான் எழுதி இருக்காருன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. வர்ற புதங்கிழம கருமாதி. அன்னிக்கி என் தாலிய எடுத்துடுவாங்க.”

அந்த முகம் பாண்டுரங்கனுக்கு நன்றாக நினைவிருந்தது. பிளாட்பாரத்தில் ஐந்து நிமிஷம் பார்த்த முகம்; ஊர் திண்டிவனம் என்பதும் பேச்சில் காதில் விழுந்திருந்தது. சிரிப்பு பிடித்துப்போய், கேட்காமல் கொள்ளாமல் கதைக்கு எடுத்துக்கொண்டார். பல் குச்சி ஒடிக்கிறவன்கூட மரத்துக்காரனை ஒரு வார்த்தை கேட்பான். இவர் ஆளையே எடுத்துக்கொண்டு போய் மலையில் சாகடித்திருந்தார்.

“அது கதம்மா,” என்றார். “நானா கட்டி எழுதினது. உங்க வீட்டுக்காரரை இங்க பாத்தேன், அவ்ளோதான். அவர் பேருகூட எனக்குத் தெரியாது.”

“அப்ப அவரு செத்தது உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. நான் சண்டையும் பாக்கல, மலையும் பாக்கல.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அம்சவள்ளி அப்படியே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவளோ இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். பாண்டுரங்கனின் எழுத்தை நிறையப் பேர் பாராட்டியிருக்கிறார்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதற்காகக் கும்பிட்டவள் இவள் ஒருத்திதான்.

“அப்ப வந்து சொல்லுங்க,” என்றாள்.

லீவு கிடைக்காது, வேண்டுமானால் விவரமாக ஒரு கடிதம் தருகிறேன் என்று அவர் நழுவப் பார்த்தார்.

“நீங்க எழுதனத நம்பிக்கினு தானுங்க அவங்க பந்தல் போடறாங்க. மறுபடியும் எழுதிக் குடுத்தா எதை நம்புவாங்க? ஆளு வரணும்.”

செவ்வாய்க்கிழமை பாண்டுரங்கன் திண்டிவனத்தில் இறங்கினார். அவர் போனபோது வாசலில் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் இருபது முப்பது பேர் இருந்தார்கள். நடுவில் பச்சைமுத்துவின் அம்மா கெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். எழுத்தாளர் வந்திருக்கிறார் என்றதும் ஒருவர் மரியாதையாக நாற்காலி கொண்டுவந்து போட்டார். பாண்டுரங்கன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்து ஓடுவதற்குக் கூடுதலாக ஒரு நொடி ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

நின்றபடியே சொன்னார். எல்லாம் பொய். மலை பொய், துப்பாக்கி பொய், கடைசி வசனம் பொய். செத்ததும் பொய்.

மேஸ்திரி ராயப்பன், தான் இத்தனை வாரம் தொண்டை வற்றப் படித்ததெல்லாம் வீணா என்கிற கோபத்தில், “பொழுது போவலன்னு எங்க புள்ளய சாவடிச்சியா?” என்றார்.

“ஆமாங்க,” என்றார் பாண்டுரங்கன்.

கெங்கம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடைசி வாரத்துல, அந்த அம்மா புள்ளயோட சட்டைய தோய்க்காம பொட்டியில வச்சிக்கினு, அப்பப்ப எடுத்து மோந்து பாக்கறான்னு வருதே. அதுவும் பொய்யா தம்பி?”

அந்த அரைப் பக்கத்தை இவ்வளவு அழுகை வேண்டாம் என்று ஆசிரியர் பாதியாக வெட்டியிருந்தார். இடம் நிரப்ப எழுதியது என்று பாண்டுரங்கன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

“அது எங்கம்மா,” என்றார் ஒருவழியாக. “எங்கண்ணன் வெள்ளக்காரன் பட்டாளத்துல பர்மாவுக்குப் போனான். எனக்கு அப்ப பன்னண்டு வயசு.”

“காயிதம் வந்துதா?”

“வரலீங்க. அம்மா சாகற வரைக்கும் எதுவும் வரல.”

“கருமாதி பண்ணாங்களா?”

“அம்மா பண்ண உடல.”

கெங்கம்மாள் எழுந்து பந்தல்கால் பக்கம் போனாள். “புடுங்குங்க,” என்றாள். “சேதி வராம எவனும் எம் மருமவ கழுத்துல கை வைக்கக் கூடாது.”

அம்சவள்ளி அங்கேயே உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டே அழுதாள். அது துக்கத்தில் அழுத அழுகை இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

திரும்பி வரும் வண்டியில் பாண்டுரங்கனுக்கு நிம்மதி ஒரு ஸ்டேஷன் தூரம்கூட நிலைக்கவில்லை. அந்த ஆள் நிஜமாகவே செத்திருந்தால்? தன் அம்மா இருபது வருஷம் காத்திருந்த மாதிரி அந்தப் பெண்ணும் காத்திருக்க வேண்டியதுதானா? கதையில் கொன்றது ஒரு பாவம், இப்போது உயிர் கொடுத்துவிட்டு வந்திருப்பது அதைவிடப் பெரிய பாவமாகிவிடுமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அடுத்த தொடருக்கு ஆசிரியர் முன்பணம் அனுப்பினார். திருப்பி அனுப்பிவிட்டார்.

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். காலையில் காட்பாடி வண்டி வந்து நின்றது. பார்சல் ஆபீஸ் வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

“என்ன சாவடிச்சவரு நீங்க தானாமே சார்?”

வெட்டின புருவம். அதே சிரிப்பு, ஆனால் ஆள் பாதியாக இளைத்திருந்தான். பின்னால் அம்சவள்ளி பெட்டியோடு நின்றாள். பாண்டுரங்கன் மேஜையைச் சுற்றி வந்து கையைப் பிடிக்கப் போனார். பிடிப்பதற்கு விரல்கள் இல்லை. இரண்டு கையிலும் கட்டை விரலும் மற்ற விரல்களின் அடிக்கட்டைகளும்தான் மிஞ்சியிருந்தன.

“பனி தின்னுடுச்சி சார்,” என்றான் பச்சைமுத்து. “சண்டையில நான் ஒரு குண்டு கூட சுடல. வழி தப்பி பதினோரு நாளு நடந்தோம். ஆஸ்பத்திரியில நர்ஸம்மா எழுதித் தர்றேன்னாங்க. வேற கையெழுத்துல காயிதம் போனா வூட்ல பயந்துக்குவாங்கன்னு வேணான்னுட்டேன். பெங்களூருக்கு மாத்தனப்புறம் தான் எழுதச் சொன்னேன். இவ வந்து கூட்டியாந்தா.”

“எழுதாம இருந்தா பயப்பட மாட்டாங்களாம்,” என்றாள் அம்சவள்ளி. “புத்திய பாருங்க.”

திண்டிவனம் வண்டிக்கு இன்னும் அரை மணி இருந்தது. பாண்டுரங்கன் வாங்கி வந்த இட்லியை, பிளாட்பாரம் முழுக்க ஜனம் பார்க்க, அவள் பிட்டுப் பிட்டுப் புருஷனுக்கு ஊட்டினாள். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளுக்கு அதெல்லாம் இல்லை. பாண்டுரங்கன் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

அம்சவள்ளி நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னா சார், இதையும் எழுதிடுவீங்களா?”

“இல்லம்மா. இல்ல.”

அவள் கையிலிருந்த விள்ளலை அவன் வாயில் வைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்தாள்.

“எழுதுங்க,” என்றாள். “ஆனா உசுரோட எழுதுங்க.”