டீச்சரின் நடை

பஸ் ஓட்டுநருக்கு அந்த மாலை இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது. விளையாட்டுப் போட்டி முடிந்து, புழுதியும் வியர்வையுமாய் நாற்பது பிள்ளைகள் அவருடைய பஸ்ஸை மொய்த்தார்கள். ஒரு விசில். அத்தனை பேரும் கப்சிப்பென்று வரிசையில் நின்றுவிட்டார்கள். கடைசியாக ஏறிய விளையாட்டு டீச்சர், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் நின்றபடியே தலை எண்ணினாள்.

"இவங்களைக் கட்டிக்கிறவன் காலம் பூரா வரிசையில நிக்கணும்" என்று நடத்துனர் காதைக் கடித்தார். ஓட்டுநர் சந்தோஷமாகவே நின்றார், இருபத்தாறு வருஷம். ஞாயிறு காலைகளில் இருவரும் பந்தயம் வைத்து ஓடுவார்கள். அவள் பத்தடி முன்னால் விட்டும் அவர் ஒருநாள்கூட ஜெயித்ததில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவள் நடை தள்ளாடியது. மைதானத்தில் போட்ட சுண்ணாம்புக்கோடு பாம்பாய் நெளிந்தது. பேச்சு குழறியது. தலைமையாசிரியை ஓட்டுநரைக் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்க... டீச்சர் குடிக்கிறாங்களா?" என்றார். சோடாவுக்கே மூக்கைப் பொத்துகிறவள்! வீட்டில் சொன்னதும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று.

மூளையைப் படம் எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை. நரம்பு டாக்டரம்மா விடவில்லை. ரத்தத்தை வேறொரு சோதனைக்கு அனுப்பி, உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சினைப்பையில் நெல்லிக்காய் அளவு கட்டி. புற்றுநோய்.

"கட்டி வயித்துல. கால் ஏன் தள்ளாடுது?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"கட்டியை அழிக்கத்தான் இவங்க உடம்பு சண்டை போட்டிருக்கு. கட்டியில இருக்கற ஒரு புரதம், நடையையும் பேச்சையும் சீரா வைக்கிற சிறுமூளையிலயும் இருக்கு. அடையாளம் தெரியாம அதையும் சேர்த்து அடிக்குது. அழிஞ்ச செல் திரும்பி வராதுங்க. மிச்சத்தைக் காப்பாத்தப் பார்க்கலாம்."

கட்டியை எடுத்தார்கள், மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். புற்றுநோய் அடங்கியது. தள்ளாட்டம் கூடவில்லை, குறையவும் இல்லை.

இப்போது மாலையில் மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு உட்காருகிறாள். அவள் குழறுவதை, ஓடுகிற பிள்ளைகளுக்கு ஓட்டுநர் உரக்கத் திருப்பிச் சொல்வார். ஒருநாள், "நல்லா ஓடுறீங்கன்னு டீச்சர் சொல்றாங்க!" என்று கத்தினார்.

அவள் அவர் இடுப்பில் குத்தினாள். "நான் அதுவாங்க சொன்னேன்?" பிறகு ஒவ்வொரு எழுத்தாய் இழுத்து, தானே கத்தினாள்: "சோம்... பேறிக் கழுதைங்களா!"

பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிந்தது. சிரித்துக்கொண்டே வேகமெடுத்தார்கள்.