பூங்கா பார்த்த அறையில் வேல்முருகன் சார்

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில என் பேரச் சொன்னியா நீ?"

"எந்த ஆஸ்பத்திரியில?"

"எத்தனை ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தேன் நான்? வண்டியிலேருந்து வுழுந்தப்பத்தான்."

"சேச்சே! நானாவது, உங்க பேரச் சொல்றதாவது. நர்ஸு சொல்லியிருக்கும்."

"நர்ஸு குரலுக்கும் உன் குரலுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

"மயங்கிக் கெடந்த மனுஷனுக்குக் குரல் தெரிஞ்சிச்சாக்கும். கொழம்பு ஆறுது, மொதல்ல சாப்பிடுங்க."

ரெட்டிபாளையத்து வீட்டுச் சமையலறையில் எப்போதோ நடந்த பேச்சு இது. பெரம்பலூருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ராஜவேலுக்கு ஏனோ அது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வந்தது. பக்கத்தில் மனைவி ஹேமலதா அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே சிமெண்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. சாலையோரச் செடிகளெல்லாம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தன.

அவருக்கு ஐம்பது நெருங்குகிறது. சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் உடைக்கும் கிரஷர் பகுதியில் வேலை. அங்கே அவர் 'கிரஷர் அண்ணன்'. தெருவில் 'சார்'. வீட்டில் 'பிரியாப்பா'. பெற்ற தாய் ஒருத்திதான் கடைசிவரை "ராஜவேலு" என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன தை மாதம் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதுதான் அவருக்கு உறைத்தது. இனிமேல் இந்த உலகத்தில் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

ஹேமலதா கூப்பிட்டால் போதும். ஒரே ஒரு தடவை. இதுதான் அவருடைய ஆசை. அம்மா போனபிறகு வந்த ஆசை என்றும் சொல்லிவிட முடியாது. கல்யாணமான புதிதிலேயே இருந்தது. ஆனால் எப்படிக் கேட்பது? புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துபோகும் என்று வளர்க்கப்பட்டவள் அவள். ரேஷன் கடையில்கூடக் கார்டை நீட்டுவாளே தவிர வாய் திறக்கமாட்டாள். பெண்ணை வளர்த்துக் கட்டிக்கொடுத்த மனிதன், "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேன்" என்று போய் நிற்பதா? சிரிக்கமாட்டாளா? அப்படியே தள்ளித் தள்ளிப் போட்டு இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது.

பெரம்பலூரில் ஹேமலதாவின் சித்தப்பா மகன் கிருஷ்ணமூர்த்தி வீட்டுக் கல்யாணம். முகூர்த்தம் விடியற்காலையில். மண்டபத்தில் ஜமக்காளத்தில் படுத்தால் அம்மாவுக்கு முட்டி வலிக்கும் என்று, சென்னையில் இருக்கும் மகள் சண்முகப்பிரியா அங்கிருந்தே ஒரு நல்ல ஓட்டலில் அறை போட்டுக் கொடுத்துவிட்டாள். டவுனுக்கு நடுவில், பூங்காவுக்கு எதிரிலேயே ஓட்டல். பழனி சத்திரத்தைத் தவிர வேறெங்கும் தங்கியறியாதவர்கள் இருவரும்.

ஓட்டல் வாசலில் ஆட்டோக்காரரிடம் சில்லறை வாங்க ராஜவேல் பின்தங்கினார். ஹேமலதா பையோடு முன்னால் போனாள். வரவேற்பில் இருந்த மகேஷ் என்ற இளைஞன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டான்.

"மேடம், ரூம் சண்முகப்பிரியாங்கிற பேர்ல இருக்கு. தங்கறது யாரு?"

"நானும் அவுங்களும். அது எங்க பொண்ணு."

"சார் பேரு சொல்லுங்க."

ஹேமலதா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்டோக்காரர் இன்னும் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"அவுங்க வந்துடுவாங்க தம்பி."

"பேர் மட்டும் அடிச்சுட்டா சாவி குடுத்துடுவேன் மேடம்."

"முருகன் கையில ஒண்ணு இருக்கும் பாருங்க..."

மகேஷ் விழித்தான். பிறகு முகம் மலர்ந்தது. "வேலா? ஓ, வேல்முருகன் சாரா?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். இல்லை என்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். முன்னால் ராஜாவைச் சேர்க்கவேண்டும். பின்னால் வரிசையில் வேறு இரண்டுபேர் நின்றார்கள்.

"கிட்டத்தட்ட அதுதான்" என்றாள்.

மகேஷுக்கு அது போதுமாயிருந்தது. தட்டித் தட்டி அடித்துவிட்டான். ராஜவேல் உள்ளே வந்தபோது ஒரு பணியாள் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டான். "வாங்க வேல்முருகன் சார்."

ராஜவேல் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. ஹேமலதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் வேகமாகப் போய்விட்டாள்.

அறைக் கதவு திறந்ததும் இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். எதிர்ச் சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. அதன் வழியே பூங்கா. மேலிருந்து பார்க்க மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. புங்கையும் வேம்பும் சேர்ந்து, யாரோ பச்சைப் போர்வையை உதறி விரித்ததுபோல் அசைந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு நீரூற்று சத்தமில்லாமல் எழும்பி விழுந்தது. கண்ணாடி மூடியிருந்ததால் எதற்குமே சத்தமில்லை. ஊஞ்சலில் ஆடும் குழந்தைகளின் சிரிப்பும் காதுக்கு எட்டாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பார்த்து ராஜவேல் தயங்கி, வேட்டியின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"உக்காருங்க. இங்க ஏது உங்க கிரஷர் தூசி?" என்றவள் தானும் உட்கார்ந்து பார்த்தாள். "அம்மாடி, உள்ள இழுக்குது!"

"அது என்ன, என்னைப் போயி வேல்முருகன்ங்கிறானுவ?"

அவள் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு வந்து பாதியில் நிறுத்தி, மறுபடி சொன்னாள். அவரும் சிரித்தார்.

"கீழ போயி மாத்தச் சொல்லிட்டு வரவா?"

"வுடுங்க. ஒரு ராத்திரிதானே. வேல்முருகன் சாரும் நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு." படுக்கையிலிருந்து எழுந்துபோய்ச் சின்னக் கெட்டிலில் தண்ணீரை ஊற்றினாள். "வேல்முருகன் சார், டீக்குச் சக்கரை போடட்டுங்களா?"

எவ்வளவு சுலபமாக வருகிறது அவள் வாயில்! ராஜவேலுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அந்த வேடிக்கை தேய்ந்துவிட்டது. "வேல்முருகன் சார், துண்டு எங்க?" "வேல்முருகன் சார், ஏசியக் கொஞ்சம் கொறைங்க." பேர் சொல்லி ஒரு ஆணைக் கூப்பிடும்போது அவள் குரலில் ஒரு குழைவு, ஒரு துள்ளல். இருபத்தைந்து வருஷம் கூடவே இருந்தும் கேட்டிராத குரல் அது. அதெல்லாம் எவனோ ஒரு வேல்முருகனுக்குப் போய்க்கொண்டிருந்தது. இல்லாத ஒரு மனிதன்மேல் பொறாமைப்படுவதை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஐந்து மணிவாக்கில் பிரியா போனில் வந்தாள். முகம் தெரிகிற மாதிரி.

"ரூம் எப்புடிம்மா?"

"சொர்க்கமாட்டம் இருக்குடி. பாரு, பூங்காவப் பாரு."

"சூப்பர்! டேய் அறிவு, இங்க வாடா, அம்மாவோட ரூமைப் பாரு."

"ஏண்டி, கட்டுன புருஷன டேய்ங்கிற? அவுங்க அம்மா காதுல வுழப்போவுது."

மருமகன் அறிவரசன் சிரித்த முகத்தை உள்ளே நீட்டினான். "எங்கம்மா கொடுத்த தைரியம்தான் அத்தை. மாமா எப்புடி இருக்கீங்க?"

"இருக்கேன் மாப்ள" என்றார் ராஜவேல். அந்தப் பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'கொடுத்து வைத்தவன்' என்று நினைத்துக்கொண்டார்.

வெயில் தாழ்ந்ததும் இருவரும் பூங்காவுக்கு இறங்கினார்கள். மேலிருந்து கனவுபோல் தெரிந்த இடத்துக்குள் இப்போது தாங்களே நடப்பது வினோதமாக இருந்தது. ராஜவேல் தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு புங்க இலையைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"என்ன பார்க்கறீங்க?"

"பொடி இருக்கான்னு பார்த்தேன். நம்ம ஊருல இலைக்கு என்ன நெறம்னே மறந்துபோச்சு."

நீரூற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. காற்று திரும்பும்போதெல்லாம் மெல்லிய சாரல் முகத்தில் பட்டது. ஹேமலதா கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டாள். இருட்டுக் கட்டும் நேரத்தில் அவள் முகம் கல்யாணப் பெண்ணுடையதுபோல் இருந்தது.

"ஏன் ஹேமா, மதியத்துலேருந்து வேல்முருகன் வேல்முருகன்ங்கிறியே, வாய் கூசலயா?"

"அது யாரோ பேருதானே? யாரோ ஒருத்தர் ஆயுசப் பத்தி எனக்கென்ன?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு தானாக நின்றது.

"அன்னிக்கு நான்தாங்க சொன்னேன்."

"என்னிக்கு?"

"ஆஸ்பத்திரியில. நர்ஸு சொல்லல. உங்களத் தூக்கிட்டு வந்த பசங்ககிட்ட சீட்டு எழுதறவங்க பேரு கேட்டாங்க. கிரஷர் அண்ணன், கிரஷர் அண்ணன்னுதான் சொல்றானுவ. ஒருத்தனுக்கும் பேரு தெரியல. பேரு இல்லாம எப்புடிம்மா உள்ள அனுப்பறதுன்னு அந்தம்மா கத்துது. நான்தான் சொன்னேன். மொதல்ல வாய் வரல. அப்புறம் சத்தமாச் சொன்னேன். உங்க காதுகிட்டயும் வந்து சொன்னேன்."

ராஜவேல் அவள் பக்கம் திரும்பினார். அப்படியானால் அது கனவில்லை.

"அப்ப ஏன் இல்லன்ன?"

"சொன்ன பெறவு நீங்க கண்ணே தொறக்கலியே. மறுநாள் விடியற வரைக்கும் தொறக்கல. நான் சொன்னதாலதான் இப்புடி ஆச்சு, அவசரப்பட்டு வாய வுட்டுட்டமேன்னு..." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சாரலோ கண்ணீரோ, ஏதோ ஒன்று. "சிறுவாச்சூர் ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். இனிமே தெரியாமக்கூடச் சொல்லமாட்டேன், இந்த ஒரு தடவை மன்னிச்சு வுடுன்னு. அப்புறந்தான் நீங்க கண்ணத் தொறந்தீங்க."

இவ்வளவு பெரிய பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தவளிடம் போய்த் தன் சின்ன ஆசையை எப்படி நீட்டுவது? அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். சுற்றிலும் ஆள் இருந்தும் அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மண்டபத்தில் காலெடுத்து வைத்ததிலிருந்து ஒரே உபசாரம். "வாங்க மச்சான்" என்றார் கிருஷ்ணமூர்த்தி. "வாங்க மாமா", "வாங்க பெரியப்பா", "சம்பந்தி, இந்தப் பக்கம் வாங்க". உறவுக்கு உறவு ஒரு அழைப்பு. ராஜவேல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எல்லோரும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஆனாலும் எல்லோரும் தனக்குப் பின்னால் நிற்கும் யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது. தாலி ஏறும்போது அட்சதை போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற ஹேமலதாவைப் பார்த்தார். பட்டுப்புடவையில் வேர்த்து, கண் கலங்கி, மணப்பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பினார்கள். மதியம் வரை அறை அவர்களுடையது. வெளியே மழையா, பனியா என்று தெரியாத ஒரு மெல்லிய தூறல். கண்ணாடியில் துளிகள் ஒட்டிக்கொண்டு, அதற்குள் பூங்கா துண்டு துண்டாகப் பச்சையாக மிதந்தது. ஊஞ்சல்கள் ஆளில்லாமல் தொங்கின. ராஜவேல் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்க மனம் வரவில்லை. இந்த அறையை விட்டு இறங்கினால் பஸ், பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு, மறுநாள் காலை ஷிஃப்ட். அங்கே கிரஷர் சத்தத்தில் எதையும் கேட்க முடியாது. கேட்கவும் தோன்றாது.

ஹேமலதா பட்டுப்புடவையை மடித்துப் பையில் வைத்தாள். மீந்துபோன டீத்தூள் பொட்டலங்களையும் மறக்காமல் எடுத்துப் பக்கத்தில் செருகினாள்.

"அது அவுங்களுது" என்றார்.

"நமக்குன்னுதானே வச்சிருக்காங்க? வேல்முருகன் சார் பேரச் சொல்லி நான் வீட்டுல போட்டுக் குடிச்சுக்கறேன்." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "சரி, கெளம்பலாங்களா வேல்முருகன் சார்?"

"கொஞ்சம் இப்புடி வந்து உக்காரு."

"பஸ்ஸு போயிடும்."

"அடுத்த பஸ்ஸு வரும். வா."

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளை வரவைத்தது. எதிரே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கேன். நேத்து நீ சொன்னியே, அதப் பத்தித்தான் யோசிச்சிக்கிட்டே இருக்கேன். நீ சொன்னதுல ஒண்ணு தப்பு."

"எது?"

"நீ பேரச் சொன்னதால நான் கண்ணு தொறக்கலன்னு சொன்னியே, அது. எனக்கு அன்னிக்கு வேற எதுவும் ஞாபகம் இல்ல ஹேமா. வண்டி சாஞ்சது தெரியும். அப்புறம் ஒரே இருட்டு. வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா எங்கேயோ போயிக்கிட்டே இருக்கேன். போறதும் நல்லாத்தான் இருக்கு. பயமே இல்ல. அப்பத்தான் பின்னாலேருந்து பேரு கேட்டுச்சு. இது நம்ம வூட்டுக் குரலாச்சே, நம்மள இப்புடிக் கூப்புட்டதே இல்லியேன்னு நின்னேன். அங்கேருந்துதான் திரும்பி நடந்தேன். தூரம் அதிகம்போல, விடிஞ்சிருச்சு."

ஹேமலதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாவா?"

"உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்றேன்? ஆத்தா காப்பாத்துனா, இல்லைங்கல. ஆனா கூப்புட்டது நீ."

தூறல் வலுத்தது. கீழே யாரோ குடையோடு பூங்காவைக் கடந்து போனார்கள். நீரூற்றும் மழையும் எது எதுவென்று தெரியாமல் கலந்தன. அவள் மடியிலிருந்த கைகளைப் பார்த்தபடி மெல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள். "இத்தனை நாளா நான் வேற மாதிரி நெனச்சிக்கிட்டிருந்தேன்."

ராஜவேலுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பெண் பார்க்கப் போன அன்றுகூட இப்படி அடித்ததில்லை. எழுந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெத்தை உள்வாங்கி இருவரையும் ஒருவர்மேல் ஒருவராகச் சாய்த்தது.

"அம்மா போன பெறவு என்னைப் பேரு சொல்லிக் கூப்புட யாரும் இல்ல ஹேமா" என்றார். "கட்டுன நாள்லேருந்து உங்கிட்ட இதக் கேக்கணும்னு இருந்தேன், வெக்கமா இருந்துச்சு. இன்னிக்குக் கேக்கறேன். அந்த வேல்முருகனப் போவச் சொல்லிட்டு, என் பேரச் சொல்லி என்னைக் கூப்புடு."