வாரம் ஒரு சுற்று

டிப்போவில் அவருக்குத் தொட்டில் என்று பெயர். இருபத்தாறு வருடங்களாக அவர் ஓட்டும் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கூடத் தடுமாறியதில்லை. உட்கார்ந்தவர்களோ மூன்றாவது ஸ்டாப் வருவதற்குள் தலையைச் சாய்த்துவிடுவார்கள். இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டுவிட்டு அவரிடமே சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. வயதுக்கும் சர்வீசுக்கும் மரியாதை கொடுத்து நாம் தொட்டிலார் என்றே சொல்லிக்கொள்வோம்.

அந்த பஸ்ஸில் கண்ணை மூடாமல் வரும் ஒரே ஆள் அவருடைய மனைவி. ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் வேலை. கேஸ் குழாயை மூடியாயிற்றா என்று ஒருவர் பார்த்த பிறகு இன்னொருவரும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தொட்டிலாரும் அதே ரகம்தான். மெக்கானிக் பார்த்துவிட்டேன் என்று சத்தியம் செய்த டயரையும் தானே ஒரு தட்டு தட்டாமல் வண்டியை எடுக்க மாட்டார். ஆக, அந்த வீட்டில் கதவுப் பூட்டை தினமும் இரண்டு பேர் இழுத்துப் பார்ப்பார்கள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். கணவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறினாலும் அந்த அம்மாள் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்தபடி, தன் பங்குக்குக் காலால் தரையில் ஒரு பிரேக் போடுவார்.

அப்பேர்ப்பட்ட தொட்டிலார்தான் ஒருநாள் காலை பத்தரை மணிக்கு, சிக்னலில் நின்றிருந்தபோது, கண் அசந்துவிட்டார். பச்சை விழுந்து மறுபடி சிவப்பும் விழுந்துவிட்டது. பின்னாலிருந்து அடித்த ஹாரனில்தான் விழித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கத்தில் இருந்ததால் கவனித்தவர்கள்கூட இல்லை. ஆனாலும் டிப்போவுக்கு வந்ததும் நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், சிக்னல்ல தூங்கிட்டேன். என்னை வண்டியிலேர்ந்து இறக்கிடுங்க."

மேனேஜர் அவரைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். மணிக்கு இருபத்திரண்டு தடவை மூச்சு நின்று நின்று வருகிறதாம். குறட்டை விடுவது டிப்போவே அறிந்த விஷயம். மூச்சு நிற்பது அவருக்கே தெரியாத விஷயம். காற்றடிக்கும் முகமூடி மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். அதோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினார். விடிந்து பார்த்தால் முகமூடி கட்டிலுக்கு அடியில் கிடக்கும். கடைசியில், வாயில் போட்டுக்கொள்ளும் கிளிப் ஒன்று இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாம் என்று பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அதைப் போட்டுக்கொண்டு மறு பரிசோதனையில் தேறினால் ஸ்டியரிங். தேறாவிட்டால் ஓய்வு பெறும்வரை டிப்போவில் டூட்டி போர்டு எழுதும் நாற்காலி. பரிசோதனைவரை தற்காலிகமாக உட்காரவைத்திருந்த அந்த நாற்காலிக்குச் சக்கரம்கூடக் கிடையாது என்று அவர் அலுத்துக்கொண்டார்.

பல் டாக்டர் கறாரான பெண்மணி. புதினா வாசம் அடிக்கும் குளிர்ந்த பசையை ஒரு தட்டில் அப்பி, மேல் பல்வரிசையில் அழுத்தி, அது இறுகும்வரை பிடித்துக்கொண்டார். பிறகு கீழ்வரிசைக்கும் அதே கவனிப்பு. தொட்டிலாருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"மூக்கால மூச்சு விடுங்க. கால் விரலை ஆட்டிக்கிட்டே இருங்க, கவனம் அங்க போயிடும்" என்றார் டாக்டர். "தூங்கும்போது உங்க நாக்கு பின்னாடி சரிஞ்சு தொண்டையை அடைக்குது. கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னாடி இழுத்துப் பிடிச்சா நாக்கும் கூடவே வந்துடும், வழி திறந்துக்கும். அவ்வளவுதான் விஷயம்."

இரண்டு வாரத்தில் கிளிப் வந்தது. கண்ணாடிபோல இரண்டு தகடுகள், மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. அவர் பல்லில் தவிர உலகத்தில் வேறு யார் பல்லிலும் பொருந்தாது. இரண்டு பக்கமும் எறும்பளவு திருகு. அதைத் திருக ஒரு சின்னக் கம்பி.

"வாரம் ஒரு சுத்து. ஞாயித்துக்கிழமை, ரெண்டு பக்கமும், அம்புக்குறி காட்டுற திசையில. அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா தாடை முன்னாடி வரும்" என்று சொல்லி, குறித்துவைக்க ஒரு அட்டையையும் கொடுத்தார் டாக்டர்.

வீட்டில் அதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர் விழுந்தது. வைத்தது மனைவிதான். "முப்பது வருஷமா நான் சொல்லி அடங்காத வாய், இதுக்காவது அடங்குதா பாப்போம்" என்றார்.

அடங்கியது. இரண்டாம் வாரமே தொட்டிலார் காலையில் எழுந்து பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். தலை பாரமில்லை, மதியத்தில் கண் சொருகவில்லை. உடம்பு பத்து வயது குறைந்துவிட்டது என்று டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான்காம் வாரத்தில் தாடை வலிக்க ஆரம்பித்தது. ஐந்தாம் வாரத்தில் காலை எழுந்தால் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேர மறுத்தன. ஆப்பிளைக் கடித்தால் ஆப்பிள்தான் ஜெயித்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் கிளிப் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் நாற்காலிதான் கதி என்று பயந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை மறைத்தார். ஆறாம் வாரம் முடிந்ததும் வலி தாங்காமல் வாய்ப்பூட்டைச் சத்தமில்லாமல் டப்பாவிலேயே விட்டுவிட்டுப் படுத்தார்.

நாலாம் நாள் மத்தியானம், போர்டில் டூட்டி எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே கண்ணயர்ந்தார். கையிலிருந்த பேனா மூன்று டிரைவர்களின் பெயருக்கு மேல் கோடு இழுத்துக்கொண்டு இறங்கியது. மேனேஜர் வந்து தோளைத் தொட்டார். திட்டவில்லை. "அண்ணே, அடுத்த வியாழக்கிழமை பரிசோதனை. ஞாபகம் இருக்கில்ல?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தொட்டிலாருக்கு.

அன்று சாயங்காலமே மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"வலிக்குதுன்னா வாயைத் திறக்கறதுக்கென்ன?"

"அதான் திறக்க முடியலையே."

மறுநாள் இரண்டு பேரும் பல் டாக்டர் முன் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் கிளிப்பை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, திருகைப் பார்த்து, மறுபடியும் பார்த்தார்.

"ஆறு வாரத்துக்கு ஆறு சுத்து இருக்கணும். இங்க பன்னெண்டு இருக்கு. தாடை வலிக்காம என்ன செய்யும்? யார் திருகினது?"

"நான்தான் டாக்டர். ஆனா ஞாயித்துக்கிழமை காலையில ஒரே ஒரு சுத்துதான். சத்தியமா."

பக்கத்தில் கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது. மனைவி அந்த அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆறு ஞாயிறுக்கும் ஆறு டிக், நீல மையில், ஆய்வுக்கூடத்து ஒழுங்கோடு.

"நான் சாயங்காலம் திருகுவேன்" என்றார், குரல் உள்ளே போக. "இவர் மறந்திருப்பாரோன்னு..."

"இதென்ன கதவுப் பூட்டா, ரெண்டாவது தடவை இழுத்துப் பாக்க? திருகைத் திருகிட்டியே!"

"நீங்க திருகினேன்னு சொன்னீங்களா? அட்டையில டிக் போட்டீங்களா?"

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, திருகைப் பின்னுக்குத் திருப்பியபடியே மனைவியிடம் கேட்டார். "இவருக்கு ராத்திரி மூச்சு நிக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூச்சு நிக்கறதுன்னு தெரியாது டாக்டர். குறட்டை திடீர்னு நிக்கும். நான் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவேன். பத்துக்குள்ள வந்துடும். வரலன்னா முழங்கையால ஒரு இடி இடிப்பேன். மறுபடி ஓட ஆரம்பிச்சிடும்."

"எத்தனை வருஷமா?"

"ஒரு ஒம்பது வருஷம் இருக்கும்."

தொட்டிலார் தன் விலாவைத் தடவிப் பார்த்தார். ஒன்பது வருடமாக அவர் டிப்போவில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைத்த கதை அது: 'எங்க வீட்டம்மா தூக்கத்துல குத்துச்சண்டை போடுவா, விலா எலும்பு மிச்சமிருக்கறதே பெரிசு.' தூக்கத்தில் அல்ல, விழித்திருந்துதான் குத்தியிருக்கிறாள். இருபத்தாறு வருடமாக ஊரையெல்லாம் தூங்கவைத்தவன், பக்கத்தில் படுத்தவளை ஒன்பது வருடம் காவலுக்கு உட்காரவைத்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், சொல்லவும் கூச்சமாக, ஒரு சந்தோஷமும் இருந்தது.

"ஏம்மா, சொல்லியிருக்கலாமே" என்றார் மனைவியிடம்.

"சொன்னா மட்டும் நிறுத்தியிருப்பீங்களாக்கும்."

டாக்டர் ஆறாவது சுற்றில் கிளிப்பை நிறுத்தி, தாடைக்கு ஓய்வு வேண்டும் என்று பரிசோதனையை இரண்டு வாரம் தள்ளிவைக்கக் கடிதம் கொடுத்தார். கம்பியைக் கொடுக்கவில்லை. அதைத் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். தொட்டிலாரும் மனைவியும் ஒரே நேரத்தில் அந்த டிராயரையே பார்த்தார்கள். இழுத்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது இரண்டு பேருக்கும்.

பரிசோதனை முடிவு வந்தது. இருபத்திரண்டு நான்காகியிருந்தது. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். தொட்டிலார் டூட்டி போர்டில் தன் பெயரைத் தானே எழுதினார், கொட்டை எழுத்தில்.

முதல் நாள், சாயங்கால ட்ரிப். பள்ளிக்கூட ஸ்டாப்பில் மனைவி ஏறி வழக்கமான முன் சீட்டில் உட்கார்ந்தார். தொட்டிலார் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு கியரைப் போட்டார். பெரிய வளைவு வந்தது, ஸ்கூட்டர் ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்துவிட்டு, பின்னாலிருந்து வழக்கமாக வரும் அந்தச் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்தார். வரவில்லை.

கண்ணாடியில் பார்த்தார். கைப்பை மடியில் சரிந்திருக்க, தலை ஜன்னலில் சாய்ந்திருக்க, வாய் லேசாகத் திறந்திருக்க, அந்த அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர்கள் வீட்டு ஸ்டாப் வந்தது, போனது. கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் முன்னால் வந்தார்.

"அண்ணே, அண்ணி நல்லா தூங்கறாங்க. எழுப்பட்டுமா?"

"வேணாம்ப்பா" என்றார் தொட்டிலார். "இன்னொரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

டயரைத் தட்டிப் பார்க்கக் கீழே இறங்கியவர், இந்த ஒரு முறை தட்டாமலே திரும்பி ஏறினார். சத்தம் கேட்டு எழுந்துவிட்டால் என்ன செய்வது?