வராமலே வாங்கிய இருபது மார்க்

"போனை வெச்சிடாதீங்கப்பா, இங்க குடுங்க," என்று கையை நீட்டினாள் மகள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். தையல்காரர் அப்பா மசியவில்லை. மறுமுனையில் இருப்பவர் பொருளாதாரப் பேராசிரியர் ஆயிற்றே. தையல் மெஷினை விட்டு எழுந்து நின்று, "உங்களுக்குக் கோடிப் புண்ணியம் சார்," என்று குழைந்துவிட்டுப் போனை வைத்தார்.

"நாளைக்கு நீ செமினார் பேச வரவே வேணாமாம். மூணு மாடி ஏறிச் சிரமப்பட வேணாம்னு இருபதுக்கு இருபது போட்டுட்டாராம்."

"நான் பேசவே இல்லையே, அப்புறம் எதுக்கு மார்க்கு?"

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதடி."

"மாட்டை யாருப்பா கேட்டா? கீழ ஒரு ரூம்தானே கேட்டேன்."

ஒன்றரை வருடமாகக் கேட்கிறாள். சக்கர நாற்காலி படியேறுமா? கீழ்த்தளத்து அறைகளோ ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. கேட்கும்போதெல்லாம் பேராசிரியர், "டைம்டேபிள் ஒத்து வராதும்மா," என்று தேனொழுகச் சொல்லி அனுப்பிவிடுவார். தோழிகள் எழுதிய குறிப்புகளை நூலகத்தில் உட்கார்ந்து படித்தே அவள் தேறி வந்தாள். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது, சுவரையா? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அந்த செமினாருக்கு அவள் போகவில்லை. அவள் பேச்சு அருமை என்று பேராசிரியர் வகுப்பில் பாராட்டினாராம். தோழிகள் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் பேராசிரியருக்கு முழங்கால் வலி வந்தது. படியேறக் கூடாது என்று டாக்டர் காலையில் சொன்னார், மாலைக்குள் வகுப்பு கீழே இறங்கிவிட்டது. அடேயப்பா, அந்த டைம்டேபிளுக்குத்தான் எவ்வளவு நல்ல குணம்!

மறுநாள் வாயாடி முதல் ஆளாக வந்து முன்வரிசையில் இடம் பிடித்தாள். பேராசிரியர் காலைத் தாங்கித் தாங்கி உள்ளே வந்து, "உயிர் போகுது," என்று முனகினார்.

"நீங்க எதுக்கு சார் சிரமப்படணும்? பாவம், வீட்டுலயே இருங்க. பாடம் நடத்தினதா நாங்க வெச்சுக்கறோம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பேராசிரியரின் முகம் கடுகடுத்தது. "கொழுப்பா உனக்கு? எந்திரிச்சு..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு, "வெளிய போ," என்றார்.

"சரிங்க சார். நாளைக்கு வரேன்."

சக்கரத்தைத் திருப்பியபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாளில் அவளை வகுப்பை விட்டு யாரும் துரத்தியதே இல்லை. துரத்துவதற்கு அவள் உள்ளே இருந்தால்தானே?