பதினோரு பதிவு

அரிசி மாவைச் சூட்டோடு பிசைய வேண்டும். ஆறிப்போனால் அச்சிலிருந்து இறங்காது. சந்திரமதி கொதிநீர் விட்ட மாவில் கையை வைத்து அழுத்தினாள். ஆவி முகத்தில் அடித்தது. பிறகு மர அச்சின் கைப்பிடிமேல் முழு உடம்பையும் சாய்த்து இடியாப்பத்தைப் பிழிந்தாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு, நாற்பது தட்டு. தோள்பட்டை இறங்கிப்போகும். அவள் நிறுத்துவதில்லை.

செனாய் தொழிற்பேட்டைக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழே பதினான்கு கடைகள். ஐந்தரைக்குத் தொழிற்சாலைப் பேருந்துகள் வர ஆரம்பிக்கும். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கண் எரிய இறங்குவார்கள். காலை ஷிப்டுக்காரர்கள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். தமிழர், மலாய்க்காரர், நேப்பாளிகள், வங்காளிகள் என்று ஆயிரம் பேராவது வந்து போவார்கள். ஒன்பது மணிக்கு மேல் அந்தத் தெருவில் பூனைகள்தான்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு விடியலில், பஸ் டிரைவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோன அவள் கணவர் கமலநாதனைக் கொள்கலன் லாரி ஒன்று தெருமுனையில் அடித்துப் போட்டது. பதினேழாம் நாள் அவள் கடையைத் திறந்தாள். அழுவதைப் பார்க்கலாம் என்று காத்திருந்தவர்கள் பிறகு காத்திருக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவ்வளவுதான்.

நிலத்தைப் புதிதாக வாங்கிய கம்பெனியின் மேலாளர் ராஜசேகரன் ஒருநாள் பதினொரு மணிக்கு வந்தார். கையில் அகலமான திரை.

"பாருங்க. ஒரு வருஷமா ஜனங்க சோஷியல் மீடியால போட்ட படம், வீடியோ, 'நான் இங்க இருக்கேன்'னு போடுறது எல்லாத்தையும் எடுத்து வரைஞ்ச மேப். எந்த இடத்துல உயிரோட்டம் இருக்குன்னு இதுல தெரியும்."

பக்கத்து ஊரான கூலாயின் காப்பிக்கடை வீதி சிவப்பாக இருந்தது. இந்தத் தெரு சாம்பல் நிறம்.

பக்கத்து ரொட்டிக்கடை ஜுனைத் எட்டிப் பார்த்தான். "காலையில வந்து பாருங்க சார். நிக்க இடம் இருக்காது."

"அதுக்குத்தான் டேட்டா இருக்கே தம்பி. ஒம்பதாயிரம் பதிவு அங்க. இங்க பதினொன்னு. செத்த இடம். கார் பார்க் கட்டப் போறோம். முப்பது நாள் டைம்."

"அந்தப் பதினொன்னு என்ன?" என்று கேட்டாள் சந்திரமதி.

அவர் திரையைத் தொட்டார். லாரியின் சக்கரம். சாலையில் ஒற்றைச் செருப்பு. கவிழ்ந்த தேத்தண்ணிக் குவளைகள். அதே காட்சி வேறுவேறு பக்கத்திலிருந்து, ஒன்பது படங்கள்.

"ஏதோ ஆக்சிடென்ட் போல."

"எங்க வீட்டுக்காரரு."

அவள் குரலில் மாற்றமில்லை. ராஜசேகரனின் விரல் திரைமேல் அப்படியே நின்றது.

"அது ஒம்பது. பாக்கி ரெண்டு?" என்று கேட்டாள்.

"ஒன்னு பூனை. ஒன்னு மழைத்தண்ணி தேங்கி நிக்குது." திரையை அணைத்தார். "மன்னிச்சிக்குங்கக்கா. நான் சொல்றத மட்டும் செய்யிறவன்." கடையைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, இரவு ஷிப்ட் முடிந்து ஷைமா வந்தாள். மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம். தொழிற்சங்கக் கிளையின் செயலாளர். நோட்டீஸை நின்றுகொண்டே படித்தாள்.

ஜுனைத் ரொட்டியைப் புரட்டியபடி சொன்னான்: "ஆளுக்கு ரெண்டு போட்டோ போடச் சொல்லலாம்லா. ஒரே வாரத்துல மேப் செகப்பாயிடும்."

"வேலைக்குக் கெளம்புறப்பவே எங்க ஃபோன விடுதி கேட்டுல வாங்கி வச்சிர்றாங்க. திரும்பிப் போனாத்தான் கைக்கு வரும். நேப்பாளிங்க மூஞ்சியப் போட்டா ஏஜென்ட் கூப்புட்டு மெரட்டுவான். யாரு போடுவா?"

சந்திரமதி அச்சிலிருந்து கையை எடுத்தாள். "அவரு செத்தன்னிக்குத்தான் இந்தத் தெரு அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. தெனம் தின்னது தெரியல. வேல செஞ்சது தெரியல. படத்துல வேணாம் ஷைமா. அவங்க வர்றன்னிக்கு நாம இங்க இருக்கணும். அது போதும்."

எட்டு மாதத்தில் அவள் இவ்வளவு பேசியதில்லை.

அந்த மாதம் முழுக்க அவள் தேத்தண்ணி வாளியும் பொட்டலமுமாகப் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினாள். தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னாள். தெரியாதவர்களுக்கு ஷைமா ஆள் பிடித்துச் சொன்னாள். ஐந்து மொழியில் கையெழுத்து விழுந்த மனுவை நகராண்மைக் கழகத்தில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். பதில் வரவில்லை.

முப்பதாம் நாள் காலை ஏழு மணி. கூரையைக் கழற்ற லாரியும் ஆறு ஆட்களும் வந்து இறங்கினார்கள். ராஜசேகரன் முன்னால் நடந்து வந்து, பாதியில் நின்றார்.

இரவு ஷிப்ட் பஸ்ஸுக்குப் போகவில்லை. முக்காலிகளில், தரையில், சாக்கடை ஓரத்தில் என்று உட்கார்ந்திருந்தது. சீருடை கசங்கிய முந்நூறு நானூறு பேர். யாரும் கத்தவில்லை. சிலர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள்.

"இவங்கள்ளாம் யாரு?"

"இங்க தெனம் இருக்கறவங்க" என்றாள் ஷைமா.

"இது தனியார் நிலம். எழுந்திரிக்கச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லிப் பாருங்க சார்."

அவர் ஆறு ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களில் இருவர் ஜுனைத்தின் கடையில் ரொட்டி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"திங்கக்கிழமை போலீஸோட வருவேன்."

"வாங்க."

லாரி பின்னோக்கியே தெருவைவிட்டு வெளியேறியது. கைதட்டல் எழவில்லை. ஜெயித்ததாக யாருக்கும் தோன்றவில்லை. பஸ்கள் போயிருந்தன, விடுதி நாலு கிலோமீட்டர் தூரம். ஜுனைத் வேனை எடுத்தான். மற்றக் கடைக்காரர்கள் மோட்டார் சைக்கிள்களை உதைத்தார்கள். தூக்கம் சொக்கியவர்களை மூன்று மூன்று பேராக ஏற்றி அனுப்பினார்கள்.

கடைசி வேனில் ஏறப்போன ஷைமாவைச் சந்திரமதி நிறுத்தினாள்.

"திங்கக்கிழமைக்கு மாவு எவ்வளவு வறுக்கட்டும்?"

"ரெண்டு மடங்கு வறுங்கக்கா. காலை ஷிப்டும் உக்காருதாம்."

சந்திரமதி தலையை ஆட்டினாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, எல்லோரும் பார்க்க, அழுதாள். ஷைமா வேனைப் போகச் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.