தெய்வாத்தாளுக்கு வராத வாந்தி

போத்தனூரில் ரயிலடிக்குப் போகிற தெருவில் மருந்துக்கடையில் நிற்கும் அன்புக்கரசிக்கு வாய் கொஞ்சம் அதிகம். மாத்திரை வாங்க வருகிறவர்கள் அவள் பேச்சைக் கேட்கவே சற்று நின்று போவார்கள். பக்கத்துச் செல்போன் கடை ஜெரோம்தான் அதைப் பார்த்து யோசனை சொன்னான். "அக்கா, இந்தப் பேச்சை போன்ல புடிச்சுப் போட்டா ஊரே பாக்கும்." அப்படி ஆரம்பித்ததுதான் 'மாத்திரையும் மசால் வடையும்'. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை, அந்த வாரத்து மருந்துச் சேதிகளை எடுத்து வைத்துக்கொண்டு நக்கலும் நையாண்டியுமாக அன்புக்கரசி பேசுவாள், ஜெரோம் படம் பிடித்துப் போடுவான். சந்தேகம் கேட்கிறவர்களுக்காகக் கடை நம்பரும் கீழே ஓடும்.

அந்த வாரம் சேதி வலிப்பு மாத்திரையைப் பற்றி. ஏதோ ஒரு கம்பெனி தயாரித்த ஒரே ஒரு பேட்ச்சில் மருந்து குறைவாக இருந்ததென்று திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

"ஏனுங்க, கேட்டீங்களா? அட்டையில போட்டிருக்கிறது ஒண்ணு, உள்ள இருக்கிறது பாதி. மீதி என்னன்னா மாவுங்க! அதை முழுங்கறதுக்கு ஊட்டுச் செவுத்தை நக்கிக்கலாம், காசாவது மிச்சம். தூக்கிக் குப்பையில போடுங்க!"

இதைச் சொல்லிவிட்டு அவள் சும்மா விடவில்லை. சிரிப்பை நிறுத்தி, பேட்ச் நம்பரைப் பாருங்கள், அதேதான் என்றால் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், எக்காரணம் கொண்டும் ஒரு வேளைகூட மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று பொறுமையாகச் சொல்லத்தான் செய்தாள். ஆனால் ஜெரோம் வெட்டிப் போட்ட சின்ன வீடியோ 'குப்பையில போடுங்க' என்பதோடு நின்றுவிட்டது. பின்னால் ஒரு கூட்டம் கொல்லென்று சிரிக்கிற சத்தம் வேறு. அது பரவிய வேகத்தில் அன்புக்கரசிக்கே தலைகால் புரியவில்லை. மீதிப் பேச்சு எங்கே என்று கேட்கத் தோன்றாமல் அவளும் நாலைந்து தரம் போட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

அமாவாசை அன்று காலை கடை போன் அடித்தது.

"ஏனுங்க, மாத்திரை அம்மணிங்களா? நான் வால்பாறையிலிருந்து பேசறனுங்க. பேரு செவ்வந்தி." குரல் தணிந்திருந்தது, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல. "நீங்க சொன்னதைப் பாத்துப்போட்டு எங்கூட்டுக்காரரு வலிப்பு மாத்திரையெல்லாம் குப்பையில போட்டுட்டாருங்க. ஞாயித்துக்கெழமையிலிருந்து சாப்பிடறதில்ல. இன்னைக்குக் காலையில கை தானா உதறி டம்ளரு கீழ உழுந்திருச்சுங்க. அது கெட்ட மாத்திரை சாப்பிட்டதனாலயா, நிறுத்துனதனாலயா?"

அன்புக்கரசி கையிலிருந்த மருந்துச் சீட்டைக் கீழே போட்டாள்.

"நிறுத்தினதாலதாங்க! நிறுத்தவே கூடாதுங்க! முழுசா நீங்க பாக்கலியா?"

"அவ்வளவுதானுங்களே வந்துச்சு."

அன்புக்கரசி கண்ணை மூடித் திறந்தாள். "சரிங்க. இப்ப அவரை எங்கயும் தனியா விடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எங்க இருக்காரு?"

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மணி?"

"அவரு டிரைவருங்க," என்றாள் செவ்வந்தி. "எஸ்டேட் லைன் ஊட்டுச் சனங்களை வேன்ல ஏத்திக்கிட்டு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குக் கெளம்பிட்டாரு. இப்பத்தான்."

வால்பாறையிலிருந்து ஆனைமலைக்கு இறங்கும் மலைப்பாதையை அறியாதவளா அன்புக்கரசி? அட்டகட்டிக்குக் கீழே வளைவுகள் ஒன்றின் காலடியில் ஒன்றாகக் கிடக்கும். ஓரத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் காற்றுதான்.

செவ்வந்தியிடம் அவள் புருஷன் மாசாணத்தின் நம்பரை வாங்கித் தன் செல்லிலிருந்து அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தாள், அதேதான். அவள் முகத்தைப் பார்த்து ஓடி வந்த ஜெரோமுக்கு விஷயம் புரிந்தது.

"போலீசுக்குச் சொல்லிரலாங்க்கா. செக்போஸ்ட்ல நிறுத்தட்டும்."

"செக்போஸ்ட் மலைக்கு அடியில இருக்குதுடா. அங்க நிறுத்தி என்னத்துக்கு?"

போனில் செவ்வந்தி அழுதாள். "போலீசு வேண்டாங்க! வலிப்பு இருக்கிறது ஆருக்கும் தெரியாதுங்க. தெரிஞ்சா லைசென்ஸு போயிரும். அவரு வண்டி ஓட்டறதை உட்டா வேற ஒண்ணும் தெரியாத மனுசனுங்க."

அன்புக்கரசிக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பார்த்தால் பாதி தன்மேலேயே.

"செவ்வந்தி, நல்லாக் கேளுங்க. லைசென்ஸ் போனா இன்னொரு வேலை தேடிக்கலாம். வேன்ல இருக்கிறவங்கள்ல ஆராவது ஒருத்தர் நம்பர் சொல்லுங்க. இல்லைன்னா நான் போலீசைக் கூப்பிடறதைத் தவிர வேற வழியில்ல."

விம்மல் அடங்கியது. பிறகு, "தெய்வாத்தாக்கா போயிருக்குதுங்க," என்று நம்பரைச் சொன்னாள்.

ஜெரோம் தன் போனிலிருந்து அடித்து ஸ்பீக்கரில் வைத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைக்கு வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். ஒருவழியாக எடுத்தார்கள். வேனுக்குள் அம்மன் பாட்டு காதைக் கிழித்தது.

"ஆரு?"

"அக்கா, நான் போத்தனூர் மருந்துக்கடை அன்புக்கரசிங்க. வேன் எங்க போகுது?"

"ஆரு, மாத்திரை அம்மணியா! அடி, நீ பேசறதை நாங்க அத்தனை பேரும் பாக்கறோம் கண்ணு! இங்க அட்டகட்டி வந்திருச்சு. உனக்கெப்பிடி என்ற நம்பரு..."

"அக்கா, அப்புறம் பேசலாம். டிரைவரை வண்டிய ஓரங்கட்டச் சொல்லுங்க. உங்களுக்கு வாந்தி வருதுன்னு சொல்லுங்க."

"எனக்கா? எனக்கெங்க வருது? பொறந்ததிலிருந்து இந்த மலையில ஏறி எறங்கறேன், ஒரு நாளு வந்ததில்ல."

"வருதுன்னு சொல்லுங்கக்கா!"

"பொய்யெதுக்குச் சொல்லோணும், கோயிலுக்குப் போற நேரத்துல?"

"அக்கா, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்!"

அன்புக்கரசியின் குரலில் என்ன இருந்ததோ, தெய்வாத்தாள் அதற்குமேல் கேட்கவில்லை. "மாசாணம்! நிறுத்துப்பா! வாந்தி வருது! நிறுத்துடா, சீட்டெல்லாம் நாறிப்போயிரும்!" பாட்டையும் மீறி அந்தக் குரல் கேட்டது. பிரேக் கிறீச்சிட்டது. யாரோ திட்டினார்கள். கதவு சறுக்கித் திறக்கும் சத்தம். பாட்டு நின்றது.

"நின்னிருச்சு," என்றாள் தெய்வாத்தாள்.

ஜெரோம் போனை அன்புக்கரசியின் வாய்க்கருகே நீட்டினான்.

"டிரைவர்கிட்டக் குடுங்கக்கா. தள்ளி நின்னு பேசச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் காற்றின் இரைச்சல். பிறகு ஆண்குரல், சந்தேகத்தோடு. "ஆருங்க?"

அன்புக்கரசி தான் யாரென்றும் எதற்குக் கூப்பிட்டாள் என்றும் சொன்னாள்.

"செவ்வந்தி சொல்லிப்போட்டாளுங்களா," என்றான் மாசாணம்.

"அவங்க சொன்னதாலதான் இத்தனை பேரும் பொழச்சீங்க. இப்ப உடம்பு எப்பிடி இருக்குது? மறைக்காதீங்க."

"காலையிலிருந்து கண்ணோரத்துல மின்னிக்கிட்டே இருக்குதுங்க. வெயில்னு நெனச்சுக்கிட்டேன்." குரல் தாழ்ந்தது. "நீங்கதானுங்களே குப்பையில போடச் சொன்னீங்க?"

மீதியை நான் சொன்னேன், நீங்கள் பார்க்கவில்லை என்று அந்த மனிதனிடம் எப்படிச் சொல்வது?

"ஆமாங்க, நான்தான்," என்றாள். "இப்ப நான் சொல்றதை மட்டும் கேளுங்க. வண்டிச் சாவியை உருவித் தெய்வாத்தாக்கா கையில குடுங்க. ரோட்டோரம் வேண்டாம், உள்ளே தள்ளித் தரையில உக்காருங்க."

சாவிக்கொத்து கை மாறும் சத்தம் கேட்டது. "கோயிலு இன்னும் கொஞ்ச தூரந்தானுங்..."

பேச்சு அறுந்தது. போன் எதன்மேலோ மோதிய சத்தம். ஒரு பெண் வீறிட்டாள்.

"அக்கா! தெய்வாத்தாக்கா!"

போனை யாரோ எடுத்தார்கள். "கண்ணு, இழுத்துக்குது! கீழ உழுந்து இழுத்துக்குது! சாவி என்ற கையிலதான் இருக்குது, அவன் கையில வெக்கட்டா?"

"வேண்டாங்கக்கா! சாவி, இரும்பு ஒண்ணும் குடுக்காதீங்க. வாயில எதையும் வெக்காதீங்க. கையைக் காலை அமுக்கிப் புடிக்காதீங்க. தலைக்கடியில துணியை மடிச்சு வையுங்க. ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. வெச்சீங்களா?"

"வெச்சுட்டோம் சாமி, வெச்சுட்டோம்."

ஜெரோம் கடை போனில் நூற்றியெட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்புக்கரசி மேஜை விளிம்பைப் பிடித்தபடி, "மூச்சு வருதா? வருதா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். அட்டகட்டியில் நின்ற அத்தனை பேருக்கும் இப்போது மாசாணத்தின் நோய் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

"இழுப்பு நின்னிருச்சு கண்ணு," என்றாள் தெய்வாத்தாள். "முழிக்கிறான். என்னைத் தெரியல அவனுக்கு."

"அப்புறமாத் தெரியும்க்கா. கொஞ்ச நேரம் போகட்டும். தண்ணி குடுத்துராதீங்க. ஆம்புலன்ஸ் வருது."

அன்று மாலை ஜெரோம் அந்த வீடியோவை அழித்தான். அழித்து என்ன? ஆளாளுக்கு இறக்கி வைத்திருந்ததை அவனால் என்ன செய்ய முடியும்? அன்புக்கரசி சிரிப்பு எதுவும் இல்லாமல் இன்னொன்று பேசிப் போட்டாள். தான் சொன்னது பாதியாக வந்ததையும், அதைத் தானே பார்த்து ரசித்ததையும், அதை நம்பிய ஒருவர் பட்ட பாட்டையும் பெயர் சொல்லாமல் சொன்னாள். மாத்திரையை நிறுத்தியவர்கள் யாராவது இருந்தால் உடனே கூப்பிடுங்கள் என்றாள். 'இந்த வாரம் சிரிப்பே இல்லையே' என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். வேறு சிலர் நிஜமாகவே கூப்பிட்டார்கள். ராத்திரி வரைக்கும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலில் நின்ற செவ்வந்தி சின்னப் பெண். அழுது முகம் வீங்கியிருந்தது.

"உங்களைப் பாத்தா நல்லாக் கேட்டுப்போடோணும்னு இருந்தனுங்க," என்றாள்.

"கேளுங்க."

செவ்வந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேன் ஓனரு இனி வண்டியத் தொடக்கூடாதுன்னுட்டாரு. எஸ்டேட் பேக்டரியில லோடு தூக்கற வேலைக்குச் சொல்லி வெச்சிருக்குது. கெடைக்குமோ என்னமோ. ஆனா ஒண்ணுங்க, கல்யாணமானதிலிருந்து அவரு வண்டியெடுத்த நாளெல்லாம் நான் நெஞ்சைக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நேத்து ராத்திரி இந்த பெஞ்சுலயே தூங்கிட்டனுங்க."

உள்ளே மாசாணம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அன்புக்கரசி வந்து நின்றதும் எழுந்து உட்காரப் பார்த்தான், அவள் வேண்டாமென்றாள். "நான் பேசினதாலதான் உங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

அவன் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு குழறியது.

"ஏனுங்க, அந்தச் சனமெல்லாம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தாங்களா?"

"போனாங்க. பொள்ளாச்சியிலிருந்து வேற டிரைவர் போய் வண்டிய எடுத்தாரு. சாமி கும்பிட்டுட்டுச் சாயங்காலமே எல்லாரும் ஊட்டுக்குத் திரும்பிட்டாங்களாம்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தாங்க."

மாசாணம் தலையணையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்துச் செவ்வந்தி பதறி ஓடி வந்தாள். வலிப்பில்லை, அழுகிறான் என்று அன்புக்கரசி கையமர்த்தினாள்.