விரல்களுக்குத் தெரிந்தது

அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். கணவர் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வீட்டிலும் அவருக்கு வாத்தியார் என்றுதான் பெயர். ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டே சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக் கட்டு. கை கால் தப்பித்தது, பேச்சுதான் போயிற்று. கரண்டியைக் காட்டினால் எதற்கென்று தெரியும், பெயர் வராது. மனைவியின் பெயரே மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது, அதுவும் பாதி.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா, வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பழகச் சொல்லி ஒரு மென்பொருள் கொடுத்திருந்தார். அதைப் போடப் போனால் நிர்வாகியின் பாஸ்வேர்டு கேட்டது. நிர்வாகி வாத்தியார்தான். அவரிடம் கேட்டால் உதட்டைப் பிதுக்கினார். டைரிகள், மேஜை இழுப்பறை, பழைய பில்களின் பின்புறம் என்று ஒரு வாரம் வீட்டையே தலைகீழாக்கிவிட்டாள். துப்பு கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரிப்பேர்காரர் வந்தார். பாஸ்வேர்டு கேட்டு நின்ற திரையையே அரை மணி நேரம் முறைத்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"அக்கா, பாஸ்வேர்டை மாத்தறது பத்து நிமிஷ வேலை. ஆனா சார் தன் ஃபைலையெல்லாம் தனியாப் பூட்டி வச்சிருக்கார். வெளியிலிருந்து மாத்தினா அந்தப் பூட்டு அப்புறம் திறக்கவே திறக்காது. உள்ள முக்கியமா ஏதாவது இருக்கா?"

இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் தன் குரலில் பதிந்து வைத்த இருநூறு பாடங்கள். அவர் முழுசாகப் பேசியது மிச்சமிருக்கிற ஒரே இடம் அதுதான். அந்தக் குரலை இழந்தால்தான் இனி வரப்போகும் குரலுக்கு வழி என்பது என்ன நியாயம்?

"சரி, மாத்திடுங்க. இருக்கிற மனுஷன் பேசட்டும்," என்றாள்.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் அறைக்குள் வந்தார். ரிப்பேர்காரர் மரியாதையாக எழுந்துகொள்ள, அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்ததால், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"நேத்து வண்டியில ஒரு கூத்து, வாத்தியாரே. ஒருத்தர் நாற்காலியைத் தலையில கவுத்துக்கிட்டு ஏறினாரு. நடத்துநர் கேக்கறாரு, உக்கார்றதுக்கு நீங்களே கொண்டுவந்துட்டீங்களான்னு..."

வாத்தியார் அவளைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பத்து விரலும் தம் இடத்தில் போய் அமர்ந்தன. சடசடவென்று ஒரு தட்டல், கடைசியில் சுண்டுவிரலால் ஓர் அழுத்தம்.

திரை திறந்துகொண்டது.

ரிப்பேர்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "சார்... என்ன அடிச்சீங்க? இன்னொரு தரம் அடிங்களேன்!"

வாத்தியார் குனிந்து பார்த்தார். ஒரு விரல் எழுத்துகளுக்கு மேல் வட்டமிட்டது, எதிலும் இறங்கவில்லை. அவர் முகம் வாடியது.

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. கிளட்சிலிருந்து காலை எப்படி எடுக்கிறீர்கள் என்று புதிய ஓட்டுநர்கள் கேட்கும்போதெல்லாம் அவளுக்கும் சொல்ல வராது. யோசித்தால் வண்டியே குலுங்கி நின்றுவிடும்.

"அதைப் பார்க்காதீங்க. என்னைப் பாருங்க," என்றாள். ரிப்பேர்காரரிடம், "தம்பி, எழுதற மாதிரி வெறும் பக்கம் ஒண்ணு திறங்க," என்று முணுமுணுத்துவிட்டு, நாற்காலிக்காரர் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவர் இறங்கும்போது நாற்காலி கதவில் மாட்டிக்கொண்ட கட்டத்தில் விரல்கள் மறுபடி ஓடின.

வெள்ளைப் பக்கத்தில் பதினோரு எழுத்துகள். பெயருமில்லை, தேதியுமில்லை, எந்தச் சொல்லுமில்லை, வெறும் கலவை. ரிப்பேர்காரர் அதை இரண்டு தாள்களில் எழுதிக்கொடுத்தார்.

ஒரு கணம் அவளுக்குச் சுருக்கென்றது. இந்த அர்த்தமில்லாத கலவை தங்கியிருக்கிறது, என் பெயர் தங்கவில்லையே! அடுத்த கணம் அந்த வருத்தம் இருந்த இடம் தெரியவில்லை. அவர் விரல்களை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நகம் வெட்ட வேண்டிய, சாதாரண விரல்கள்தான். நாக்கு தொலைத்ததை யாருக்கும் சொல்லாமல் இவை ஐந்து மாதமாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கின்றன. இன்னும் எதையெல்லாம் வைத்திருக்கிறாரோ இந்த மனுஷன், எந்தெந்த மூலையில்!

மென்பொருளைப் போட்டு முடித்ததும் ரிப்பேர்காரர் பாடங்களில் ஒன்றைத் திறந்தார். அறை முழுக்க வாத்தியாரின் பழைய குரல், கணீரென்று: "சூரிய வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேர எட்டு நொடி ஆகும்..."

நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்தார். கையை உயர்த்தி ஆட்டினார். உதடுகள் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, வார்த்தை பாதி வழியில் சிக்கி, பிறகு வந்தேவிட்டது.

"நி... நிமிஷம்."

"என்ன சொன்னீங்க?" என்றாள் அவள்.

"எட்டு... நிமிஷம்," என்றார் வாத்தியார், தப்பாகச் சொன்ன பையனை அதட்டுகிற மாதிரி.

ரிப்பேர்காரர் பாடத்தை நிறுத்தினார். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.